அறைக்கு நட்சத்திரம் உண்டு, கோட்டைக்கு?

பெங்களூரிலிருந்து விடுமுறை நாளில் கோலார் தங்கவயல் பக்கம் வருகிறவர்களில் ஒரு சாரார் நேராகக் கம்மசந்திராவுக்குப் போகிறார்கள். கோடிலிங்கேஸ்வரர் கோயிலின் 108 அடி லிங்கத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வழியில் எங்காவது சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் ‘கேஜிஎஃப்’ படத்தையோ ‘தங்கலான்’ படத்தையோ பார்த்த சூட்டோடு சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளைத் தேடி வருகிறவர்கள். இவர்களைத் தவிர மூன்றாவதாகவும் ஒரு சாரார் உண்டு. அவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் பூதிகோட்டைக்குப் போகிறவர்கள்.

பங்காரப்பேட்டைக்குத் தென்மேற்கே, தமிழக எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கிறது பூதிகோட்டை. தென்பெண்ணையில் போய்ச் சேரும் மார்க்கண்டேய நதி ஓடும் வட்டாரம். பாறைக் குன்று, பழைய கோட்டைச் சுவரின் மிச்சம், ஊர். சீரா நவாபின் கீழ் படை அதிகாரியாக இருந்த ஃபதே முகமதுவின் பொறுப்பில் இந்த ஊர் இருந்த காலத்தில் இங்கேதான் ஹைதர் அலி பிறந்தார். ஆண்டு 1720 என்பாரும் உண்டு, 1722 என்பாரும் உண்டு. 1769-ல் குதிரைப் படையோடு சென்னையின் வாசல்வரை வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியை உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவைத்த அதே ஹைதர்தான். மகன் திப்பு பிறந்த தேவனஹள்ளி, பக்கத்தில் விமான நிலையம் வந்த தயவில் எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. அப்பா பிறந்த ஊருக்கு அந்த யோகம் அடிக்கவில்லை.

கைபேசியைத் திறந்து ‘அருகில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று தேடினால் கோடிலிங்கேஸ்வரர் முதலில் வந்து நிற்பார். பூதிகோட்டையைப் பார்க்க விரலால் வெகுதூரம் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இந்த வரிசையை யார் முடிவுசெய்கிறார்கள்? தங்கும் அறைக்கு நட்சத்திரம் கொடுக்க டெல்லியில் ஒரு குழு இருக்கிறதே, பார்க்கும் இடத்துக்கு அப்படி ஒரு குழு ஏன் இல்லை?

முதலில் அந்த டெல்லிக் குழுவைப் பார்த்துவிடலாம். பெயர் கொஞ்சம் நீளம்: ஓட்டல், உணவக அங்கீகார மற்றும் வகைப்பாட்டுக் குழு. ஆங்கிலச் சுருக்கத்தில் ஹெச்ஆர்ஏசிசி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதிகாரிகளோடு ஓட்டல் சங்கங்கள், பயண முகவர் சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் இதில் உட்காருவார்கள். ஓட்டல்காரர் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுவார். குழு நேரில் வந்து பார்க்கும், தாளில் குறித்துக்கொள்ளும், நட்சத்திரம் கொடுக்கும். ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு மறுபடி விண்ணப்பம். விண்ணப்பிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. நட்சத்திரம் கேட்காமலே ஆயுள் முழுக்க அமோகமாக ஓடும் ஓட்டல்கள் நாடு முழுக்க இருக்கின்றன. தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை லாட்ஜ் ஒன்றின் பலகையில் ‘டீலக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அது முதலாளி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் என்பதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குழுவின் தாளில் என்னதான் இருக்கும்? குறைந்தது பத்து அறைகள். ஒவ்வோர் அறைக்கும் வெளியே பார்த்த ஜன்னல் அல்லது காற்றோட்டம். அறையின் பரப்பு: ஒற்றை நட்சத்திரத்துக்கு 120 சதுர அடி போதும், ஐந்துக்கு 200 வேண்டும், குளியலறையைச் சேர்க்காமல். வரவேற்பு மேசை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், தீயணைப்புக் கருவி இருக்கிறதா, மாற்றுத்திறனாளிக்கு அறையும் சாய்தளமும் உண்டா, கழிவுநீர் எங்கே போகிறது, ஊழியர்களுக்கு ஓய்வறை இருக்கிறதா என்று பட்டியல் நீளும். ராத்திரி பதினொரு மணிக்குப் பசியோடு வந்து இறங்கிய குடும்பத்துக்கு எழுந்துபோய் உப்புமா கிண்டிக் கொடுத்த மேலாளரைக் குறிப்பதற்கு அதில் கட்டம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நட்சத்திரம் என்பது பாராட்டுப் பத்திரம் அல்ல, சரக்கிருப்புக் கணக்கு. இருப்பதை எண்ணிச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஏமாறுவது நாம்தான்.

துபாயில் 1999-ல் திறந்த புர்ஜ் அல் அரபை ‘ஏழு நட்சத்திர ஓட்டல்’ என்று நம் ஊர் டிவியில்கூடச் சொல்கிறார்கள். ஏழு கொடுக்கும் அதிகார அமைப்பு உலகில் எங்கும் இல்லை. அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் ஆர்வக்கோளாறில் கொடுத்த இரண்டு கூடுதல் நட்சத்திரங்கள் அவை.

இப்படிப்பட்ட எண்ணிக்கைக் கணக்கு சில சமயம் விபரீதமான கனத்தைப் பெற்றுவிடும். கேரளத்தில் 2014-ல் உம்மன் சாண்டி அரசு மதுக்கொள்கையை மாற்றியது. முதலில் தரக்குறைவு என்று 418 பார்களின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. பிறகு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற எங்கும் பார் கிடையாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2015 டிசம்பரில் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பானது. அறையின் அகலத்தையும் ஜன்னலின் திசையையும் பதிவுசெய்யும் தாள் ஒரே நாளில் கலால் துறையின் ஆவணமாகிவிட்டது. நான்காவது நட்சத்திரத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு குடிகாரரின் மாலை நேரம் தொங்கிக்கொண்டிருந்தது. 2017-ல் அடுத்த அரசு வந்து தளர்த்தியது. தமிழ்நாட்டிலும் டாஸ்மாக்குக்கு வெளியே மது பரிமாறும் எஃப்.எல்.3 உரிமம் நட்சத்திர ஓட்டல்களோடு பிணைந்ததுதான். வரித் துறைக்கு மட்டும் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு அவர்கள் பார்ப்பது ஒரு நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிறதா என்பதைத்தான். ஒருவகையில் அதுதான் நேர்மையான அளவுகோல் போலிருக்கிறது.

இந்தப் புள்ளி போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியவரும். இது அறைகளுக்காகப் பிறந்த பழக்கமே அல்ல. மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1820-ல் ஐரோப்பியப் பயண வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். இத்தாலியின் ஓவியங்களையும் சிற்பங்களையும் பற்றி எழுதும்போது, அவசியம் பார்க்க வேண்டியவற்றுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறிகளைப் போட்டார். நல்லதென்றால் ஒன்று, அபாரம் என்றால் மூன்று, நான்கு. சுற்றுலாத் தலத்துக்கு மதிப்பெண் போட்ட முதல் ஆட்களில் அவர் ஒருவர். அவருடைய அப்பா சென்னை வட்டாரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். மரியானாவே சோழமண்டலக் கரையைக் களமாக வைத்து நாடகம் எழுதியவர். பூதிகோட்டைக்காரர் எந்தக் கம்பெனியை ஆட்டிவைத்தாரோ அந்தக் கம்பெனி வீட்டுப் பெண்.

அவருக்குப் பின்னால் வந்த வழிகாட்டிப் புத்தகக்காரர்கள், குறிப்பாக ஜெர்மனியின் பேடெக்கர், ஆச்சரியக்குறிக்குப் பதிலாக நட்சத்திரம் போட்டார்கள். ஓட்டலுக்கு நட்சத்திரம் வந்தது நெடுநாள் கழித்து. பிரிட்டனின் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1912-ல் ஓட்டல்களுக்குத் தரம் போட ஆரம்பித்தபோது, பிராந்தி பாட்டிலில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அதன் செயலாளர் ஸ்டென்சன் குக் இந்த யோசனைக்கு வந்தார். (கேரள பார் வழக்கைப் படித்துவிட்டு இதைப் படித்தால் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது போலத் தோன்றும்.) ஆக, முதலில் மதிப்பெண் வாங்கியது பார்க்கும் இடம். அறை பிறகு வந்தது. இந்தியா இந்த வழக்கத்தை இறக்குமதி செய்தபோது அறைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அறைப் பகுதியிலேயே பூதிகோட்டை மாதிரி ஊருக்குப் பொருந்துவது நட்சத்திரம் அல்ல. பத்து அறை கட்டி யார் உட்கார்ந்திருப்பது? அதற்குத்தான் அமைச்சகம் வேறொரு திட்டம் வைத்திருக்கிறது. வீட்டில் ஒன்றிலிருந்து ஆறு அறைவரை விருந்தினருக்கு விடலாம், உரிமையாளரின் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். இந்த வகை ஹோம்ஸ்டேக்களுக்கு இரண்டே தரம்: சில்வர், கோல்டு. நூற்றிருபது ஆண்டுகள் தங்கம் தோண்டிய மண்ணில் ஒரு வீட்டுக்காரர் கோல்டு சான்றிதழுக்கு மனுப் போடும் காட்சியை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. கேரளத்தில் இதற்கும் மேலே டைமண்ட் என்று ஒரு படி வைத்திருக்கிறார்கள். அங்கே ஆயுர்வேத நிலையத்துக்குக்கூடப் பச்சை இலை, ஆலிவ் இலை என்று தரம் கொடுத்தார்கள். படகு வீட்டுக்கும் தங்கம், வெள்ளி. மலையாளிகள் எதையும் விட்டுவைக்கவில்லை. சுற்றுலாவால் சாப்பிடும் மாநிலம் எப்படி யோசிக்கும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

கோல்டு தரம் வாங்கினால் பூதிகோட்டை வீட்டுக்காரருக்கு என்ன கிடைக்கும்? அமைச்சகத்தின் பட்டியலில் பெயர். காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்த வீடு என்ற நம்பிக்கை. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்பும் கடமையும் கூடவே வரும். வாடிக்கையாளர் வருவார்களா என்பது வேறு கேள்வி. தங்குவதற்காக யாரும் ஓர் ஊருக்கு வருவதில்லை, பார்ப்பதற்காக வந்தவர்தான் தங்குகிறார். பார்க்கும் இடம் கவனிப்பாரில்லாமல் கிடந்தால், வீட்டு வாசலில் எத்தனை தங்கப் பலகை மாட்டினாலும் வெயிலில் நிறம் மங்குவதுதான் மிச்சம்.

அமைச்சகத்திடம் ஹெரிடேஜ் ஓட்டல் என்று இன்னொரு வகையும் உண்டு. 1950-க்கு முன்னால் கட்டிய அரண்மனை, கோட்டை, மாளிகை, வேட்டை விடுதி போன்றவற்றை ஓட்டலாக்கினால் அந்த வகையில் சேரலாம். ராஜஸ்தானின் ராஜாக்கள் சாமர்த்தியசாலிகள், இதில் முதலில் புகுந்தவர்கள். வயது ஒன்றுதான் கணக்கு என்றால் தங்கவயலில் இதற்குத் தகுதியான கட்டடங்கள் கைவசமே உண்டு. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-ல் சுரங்கத்தில் இறங்கியதிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகக் கட்டிய பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் என்று ஒரு குட்டி இங்கிலாந்தே இங்கே இருந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் மின்சாரம் இங்கேதான் வந்தது. நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் அரிக்கேன் விளக்கு எரிந்த காலம் அது. ஆனால் சுரங்கச் சொத்து பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கைக்குப் போனது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. பிறகு வழக்கு, பாக்கி, ஏலப் பேச்சு என்றே காலம் போயிற்று. ஓட்டல் நடத்த முன்வருபவர் ஒருவர் இருந்தாலும் சாவியை யாரிடம் கேட்பது?

சரி, அரசாங்கம் மதிப்பெண் போடாத இடத்தில் ஜனங்கள் போடுகிறார்கள். கூகுள் வரைபடத்தில் ஐந்து நட்சத்திரம் தட்டுவதற்கு ஒரு விநாடி போதும். கோயிலுக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்க எந்தப் பக்தருக்காவது மனசு வருமா? சாமிக்குக் குறைத்து மதிப்பெண் போட்ட பாவம் யாருக்கு வேண்டும்? அதனால் பெரிய கோயில்களின் மதிப்பெண் எப்போதும் உச்சியில் நிற்கும். பார்க்கிங் சரியில்லை, கால் கழுவத் தண்ணீர் இல்லை என்ற புலம்பலெல்லாம் கீழே எழுத்தில் இருக்கும், மேலே நட்சத்திரம் மட்டும் ஐந்து. கோட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது. ‘பார்க்க ஒன்றும் இல்லை’ என்று ஒரு நட்சத்திரத்தோடு போய்விடுவார்கள்.

ஜனங்களின் மதிப்பெண்ணை ஏமாற்றுவதும் எளிது. லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் 2017-ல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவுசெய்தார். நண்பர்களை வைத்து விமர்சனங்கள் எழுதவைத்தார். ‘தி ஷெட் அட் டல்விச்’ என்ற அந்தக் கொட்டகை சில மாதங்களில் லண்டனின் முதலிடத்து உணவகமாகிவிட்டது. அதுவரை அங்கே யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடுகூடப் பரிமாறப்படவில்லை. அறை வாடகைத் தளங்கள் இதற்கு ஒருவகைக் கடிவாளம் போட்டன. ஏர்பிஎன்பியில் 2014-லிருந்து விருந்தினர் எழுதியதும் வீட்டுக்காரர் எழுதியதும் ஒரே நேரத்தில்தான் வெளிவரும். இல்லாவிட்டால் பதினான்கு நாள் கெடு முடிந்த பிறகு. ‘நீ நல்லதாக எழுதினால் நானும் நல்லதாக எழுதுகிறேன்’ என்ற பண்டமாற்றைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. நம் ஊர்த் தர நிர்ணய அமைப்பும் சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. இணைய விமர்சனம் எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பின்பற்றுவது தளங்களின் விருப்பம். பல்லில்லாத சிங்கம்தான் என்றாலும் ஐஎஸ்ஐ முத்திரைக் குடும்பத்தில் விமர்சனத்துக்கும் ஒரு எண் கிடைத்திருக்கிறது.

பார்க்கும் இடத்துக்கு இந்தியாவில் அதிகாரபூர்வமான தரவரிசை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மறைமுகமாக ஒன்று இருக்கிறது, டிக்கெட் கவுண்டரில். தொல்லியல் துறை தன் கட்டண நினைவுச் சின்னங்களை ஏ, பி என்று பிரித்து வைத்திருக்கிறது. 2018-ல் கட்டணம் உயர்ந்தபோது ஏ பிரிவுக்கு இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. பி பிரிவுக்கு 25, 300. உலகப் பாரம்பரியச் சின்னம் என்றால் ஏ. ஆனால் துறையின் பாதுகாப்பில் உள்ள மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட சின்னங்களில் கட்டணம் வாங்குவது நூற்றைம்பதுக்கும் குறைவான இடங்களில்தான். மற்றவை எல்லாம் ஏயும் இல்லை, பியும் இல்லை. கோலார் ஊருக்குள் இருக்கும் கோலாரம்மா கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தேளைத் தெய்வமாக வணங்கும் செல்லம்மா சன்னிதி இருக்கிறது. நாட்டில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத இடம். அதற்கு எந்தத் தாளிலும் மதிப்பெண் இல்லை.

கடற்கரைக்கு மட்டும் விதிவிலக்காக ஒரு முத்திரை வந்து சேர்ந்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று தரும் நீலக்கொடி. சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்துக்கும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரைக்கும் 2021-ல் கிடைத்தது. 33 நிபந்தனைகள். தண்ணீர் சுத்தமா, கழிவறை உண்டா, உயிர்காப்பாளர் நிற்கிறாரா, மாற்றுத்திறனாளி இறங்க வழி உண்டா என்று கேட்கிறார்கள். கடல் அழகா என்று ஒரு நிபந்தனைகூடக் கேட்பதில்லை. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், தவறினால் கொடியை இறக்கிவிட வேண்டும். கொடி ஏறிய பிறகு கோவளத்துக்கு நடந்தது வெறும் பெயர் மாற்றம் இல்லை. நடைபாதையும் உடை மாற்றும் அறையும் குடிநீரும் வந்தன, ஏனென்றால் அவை இல்லாமல் கொடி இல்லை.

சீனா இதை இன்னும் முரட்டுத்தனமாகச் செய்கிறது. அங்கே சுற்றுலாத் தலங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து ‘ஏ’ வரை தரம். 2007-ல் முதல் தவணையாக 66 இடங்களுக்கு ஐந்து ஏ கொடுத்தார்கள். கொடுத்ததைப் பிடுங்கவும் செய்கிறார்கள். பெருஞ்சுவர் கடலில் வந்து முடியும் ஷான்ஹாய்குவானிடமிருந்தே 2015-ல் ஐந்து ஏயைப் பறித்தார்கள். குப்பை, அடாவடி விலை என்று காரணம் சொன்னார்கள். பெருஞ்சுவருக்கே அந்தக் கதி என்றால் மற்ற இடங்களின் மேலாளர்கள் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தின் முறை இதற்கு நேரெதிரான மென்மை. விசிட்இங்கிலாந்து அமைப்பின் வருகைத் தலத் தரத் திட்டத்தில் சேர்ந்த அருங்காட்சியகமோ தோட்டமோ பண்ணையோ இருந்தால், மதிப்பீட்டாளர் சாதாரணப் பார்வையாளர் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். அதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். இணையத்தில் நேரம், கட்டணம், வழி சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். வழிகாட்டிப் பலகை, வண்டி நிறுத்துமிடம், நுழைவாயிலில் ஊழியர் முகம், விளக்கப் பலகைகள், கழிவறை, தேநீர்க் கடை, சுத்தம் என்று ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் நான் இன்னார் என்று சொல்வார். பிறகு பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசுவார், எழுத்தில் அறிக்கை கொடுப்பார். பொருளின் பெருமையை அவர் எடைபோடுவதில்லை. நாலு ரயில் என்ஜின்களை வைத்திருக்கும் கொட்டகையும் பிரபுவின் அரண்மனையும் அவருக்கு ஒன்றுதான். வந்தவரை எப்படி நடத்துகிறீர்கள் என்பது மட்டும்தான் கேள்வி. சிறப்பாகச் செய்கிறவர்களுக்குத் தனிப் பாராட்டுகளும் உண்டு. சின்ன இடங்களுக்கு ‘மறைந்திருக்கும் மாணிக்கம்’ என்று ஒன்று, கதையை நன்றாகச் சொல்கிறவர்களுக்கு ஒன்று, நல்ல வரவேற்புக்கு ஒன்று.

நம் நாட்டுக்கு வேண்டியது இந்த வகைத் தாள்தான், சீன வகை அல்ல. பூதிகோட்டை பெரிதா ஹம்பி பெரிதா என்ற பஞ்சாயத்தால் பூதிகோட்டைக்கு ஒரு பைசா பயன் இல்லை. அந்தப் போட்டியில் அது தோற்கும், நியாயமாகவே தோற்கும். ஆனால் பங்காரப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கிய ஒருவருக்குப் பூதிகோட்டைக்கு எந்த பஸ் என்று சொல்லும் பலகை இருக்கிறதா? ஊருக்குள் வந்தவருக்குக் குன்றின் வழி தெரிகிறதா? ஹைதர் யார், ஃபதே முகமது யார், கம்பெனியோடு என்ன சண்டை என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் பத்து வரி எழுதியிருக்கிறதா? குடிக்கத் தண்ணீர்? பெண்கள் நம்பி நுழையக்கூடிய கழிவறை? ஏறி இறங்கப் பிடிமானம்? இந்தக் கேள்விகள் எதற்கும் கோடிகள் தேவையில்லை. வந்து கேட்பதற்கு ஓர் ஆள், கேட்டதை எழுதி வைக்க ஒரு தாள், அடுத்த வருடம் அதே ஆள் திரும்பி வருவார் என்ற பயம், இவ்வளவு போதும்.

கதைக்கான மதிப்பெண்ணில் இந்த வட்டாரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரே தாலுகாச் சுற்றில் ஹைதர் பிறந்த ஊர், மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம். அதே சுரங்கத்துக்குள் 1965-ல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்த இயற்பியல் சோதனை. பக்கத்துப் பெத்தப்பள்ளியில் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழம்பெரும் எரிமலைப் பாறைகள். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் பாதை. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய தமிழர்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு, படப்பிடிப்பு நடந்த கழிவு மண்மேட்டில் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் போகிறார்கள். அந்த மேட்டிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் பறக்கும் தூசி பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் போவதைப் பற்றி எந்த ஐந்து நட்சத்திர விமர்சனமும் எழுதுவதில்லை.

சுரங்கத்தை எப்படிக் காட்டலாம் என்பதற்கு, தங்கவயலோடு உறவுள்ள ஊர்களிலேயே பாடம் இருக்கிறது. கோலார் சுரங்கத்தின் ஆரம்ப காலத்தில் தொழில் தெரிந்த ஆட்கள் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தார்கள். அந்தக் கார்ன்வாலில் ஜீவர் தகரச் சுரங்கம் 1990-ல் மூடியது, மூன்றே ஆண்டில் பார்வையாளர்களுக்குத் திறந்தது. 2006-ல் கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வேல்ஸில் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980-ல் மூடியது, 1983-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. தலையில் விளக்குத் தொப்பி, இடுப்பில் பேட்டரி மாட்டிவிட்டு முந்நூறு அடி கீழே கூட்டிப்போகிறார்கள். 2005-ல் பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான குல்பென்கியன் பரிசை, லண்டனின் பெரிய பெரிய நிறுவனங்கள் இருக்க, இந்தச் சுரங்கம்தான் தட்டிக்கொண்டு போனது.

தங்கவயலில் பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறிவிட்டது. கீழே கூட்டிப்போவது இனி நடக்கிற காரியம் இல்லை. மேலே நிற்கும் ஷாஃப்ட் கோபுரங்கள், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகள், கிளப், மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. பூதிகோட்டையையும் கோலாரம்மாவையும் ஆவணி என்ற ஊரின் ராமலிங்கேஸ்வரர் கோயில்களையும் சேர்த்தால் இரண்டு நாள் சுற்று தாராளமாக வரும். இரண்டு நாள் சுற்று என்றால் ஒரு ராத்திரி தங்கல். அப்போது கோல்டு, சில்வர் பலகைகளுக்கு வேலை வரும்.

பிக் பிட்டில் பார்வையாளரைக் கீழே கூட்டிப்போனவர்கள் சம்பளத்துக்கு வசனம் மனப்பாடம் செய்தவர்கள் அல்ல, அதே தொழிலில் நிலக்கரி வெட்டிய ஆட்கள். மூடிய மூன்றாம் வருடமே திறந்ததால் அவர்கள் கிடைத்தார்கள். தங்கவயலில் 2001-ல் வேலை போனபோது முப்பது வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். பலர் விடியற்காலையில் பெங்களூரு ரயிலைப் பிடித்துக் காவலாளி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பாறை வெடிப்பு வருவதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கும் வித்தை தெரிந்தவர்கள் அவர்கள். வழிகாட்டி உரிமம் கொடுக்க மாநிலச் சுற்றுலாத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது, பயிற்சி கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹோம்ஸ்டே விண்ணப்பப் படிவத்தை அச்சடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.